நான் எழுதிய இரண்டு விண்ணப்பங்கள்

வெளியே வந்தவள் முதலில் தண்ணீர் கேட்டாள்.

சென்னையில் ஒரு ஓட்டலின் இரண்டாவது மாடி. உதவித்தொகை நேர்காணலுக்கு வந்தவர்கள் உட்கார, தாழ்வாரத்தில் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஏ.சி. குளிரில் என் விரல் நுனிகள் விறைத்திருந்தன. பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். கன்னியம்மா அண்ணாந்து பாதி பாட்டிலைக் குடித்தாள். மூடியை மெதுவாகத் திருகித் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னாடி கேட்டாங்க?"

"உன்னப் பத்திதான் கேட்டாங்க."

"என்னப் பத்தியா?"

"ஆமா." துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "உக்காரு. உன்ன இன்னும் கூப்பிடல."

அவள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். காலையில் உத்திரமேரூரில் பஸ் ஏறியதிலிருந்து என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தவள் அவள். அந்த ஒரு நாற்காலி இடைவெளிக்கு அர்த்தம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து இந்த அத்தியாயத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இதை எழுதலாமா என்று கன்னியம்மாவிடம் போனில் கேட்டேன். "எழுது. என்னப் பாவம்னு மட்டும் எழுதாத" என்றாள்.

கயிறு, வாளி, பாய்

போன வாரம் அத்தாவின், அதாவது என் அப்பாவின், கடையைப் பற்றி எழுதியிருந்தேன். வாலாஜாபாத்திலிருந்து ஒரு வாசகர், "கடையில் என்னதான் விற்றீர்கள் என்று சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கயிறு, பிளாஸ்டிக் வாளி, கோரைப்பாய், மண்வெட்டிக் காம்பு, எலிப்பொறி. கடைக்குள் நுழைந்தால் தேங்காய் நாரும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். என் பள்ளிப் புத்தகங்களிலும் அந்த வாசனைதான்.

கன்னியம்மா எங்கள் ஊருக்கு வெளியே, சித்தேரிக் கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். பள்ளியில் ஒரே வகுப்பு, ஆனால் பேசிக்கொண்டதில்லை. கல்லூரிக்குப் போன பிறகு தினமும் ஒரே பஸ், ஒரே கம்பி. பழக்கம் அங்கேதான் வந்தது. தாவரவியலில் என்னைவிட அவள் கெட்டி. வாத்தியார் படத்தைப் போட்டு விளக்கும் செடியை அவள் வரும் வழியில் பறித்துக்கொண்டு வந்திருப்பாள். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் மட்டும் பேனாவை வைத்துவிடுவாள். "எனக்கு வாய்ல கீது. கையில வர்ல" என்பாள்.

பரீட்சைக்கு முன்பு நான் எழுதிக் காட்டுவேன். அவள் எனக்குச் சொல்லிக் கொடுப்பாள். இப்படித்தான் மூன்று வருடம் போனது.

அத்தாவுக்கு அவளைப் பிடிக்கும். கடைக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போடுவார். ஆனால் எங்கள் வீட்டு உறவுக்காரர்கள் யாராவது கடையில் இருந்தால் ஸ்டூல் வராது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அந்த மழை

கடைசி வருடம், ஐப்பசி கடைசியோ கார்த்திகை முதலோ, ஒரு வாரமாக மழை விடவில்லை. ஊரே ஈரத் துணி மாதிரி நாறியது. ஒரு நாள் காலையில் கன்னியம்மா தொப்பலாக நனைந்து கடைக்கு வந்தாள்.

"அத்தா, நைலான் கயிறு கெட்டியா இருக்கறது குடு. நெறைய வேணும்" என்றாள். என் அப்பாவை அவளும் அத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னாத்துக்கும்மா?"

"ஏரி ரொம்பிப் போச்சி. கலங்கல்ல தண்ணி இடுப்பு மட்டத்துக்குப் போவுது. ஜனங்க அந்தாண்ட மாட்டிக்கினு கீறாங்க."

கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து ஓடும் இடம். குடியிருப்பிலிருந்து ஊருக்கு வரும் ஒரே பாதை அதைத் தாண்டித்தான். அத்தா ஒரு முழுச் சுருளை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஓடும்போது திரும்பி, "நஸீ, எல்லாரையும் இட்டுக்கினு வந்தா எங்க வெக்கறது?" என்று கேட்டாள்.

எங்களுக்குப் பின் தெருவில் ஒரு கோடவுன் இருந்தது. பாய்க் கட்டுகள் அடுக்கி வைத்திருப்போம். நான் அத்தாவிடம் சாவி கேட்டேன். முதலில் மாட்டேன் என்றார். புதுச் சரக்கு இறங்கியிருந்தது. நான் நகராமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கல்லாவிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அந்த மழையில் நான் செய்தது இவ்வளவுதான். சாவி கேட்டேன். பாய்களை ஓரம் தள்ளினேன். அம்மா வடித்த கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன்.

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். குழந்தைகள் தோளில், கிழவர்கள் முதுகில், ஆடுகள் கையில். கன்னியம்மா கடைசியாக வந்தாள். இரண்டு உள்ளங்கையும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. குடிசையை விட்டு வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்ட நாலு பேரை எப்படிக் கிளப்பினாள், யாரை முதலில் அனுப்பினாள், பாதித் தண்ணீரில் ஒருத்தி உறைந்து நின்றபோது என்ன சொல்லிக் கூட்டி வந்தாள் என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோடவுனில் நாலு நாள் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்நூறு வார்த்தைகள்

அந்த உதவித்தொகை பற்றிய அறிவிப்பைக் கல்லூரிப் பலகையில் முதலில் பார்த்தவள் நான். வடக்கே, ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். இரண்டு வருட முதுகலைப் படிப்பு. கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், போக வர ரயில் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் தலைமைப் பண்புப் பயிற்சி. வெளியில் வரும்போது நீங்கள் ஒரு தலைவராக வருவீர்கள் என்று போட்டிருந்தது.

இரண்டு பேரும் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அவள் விண்ணப்பத்தை முதலில் நிரப்பினேன். அதில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நீங்கள் தலைமை ஏற்று நடத்திய ஒரு நிகழ்ச்சியை ஐந்நூறு வார்த்தைகளில் எழுதவும்.

"மழைய எழுதிடலாம்" என்றேன் நான்.

கன்னியம்மா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். "எல்லாரும் சேந்துதான் வந்தோம். அஞ்சல அக்கா இந்தாண்ட கயித்தப் புடிச்சிக்கினு இருந்திச்சி. பசங்க ஆட்டைத் தூக்கிக்கினாங்க. நான் சத்தம் போட்டுக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

"நீ இன்னா பண்ண, அத்த சொல்லுடி."

"அத்தத்தான் சொல்றேன். எல்லாரும் பண்ணோம்."

அவள் சொன்னபடியே எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் நாங்கள், நாங்கள், நாங்கள். இப்படி எழுதினால் எடுபடாது என்று எனக்கு அப்போதே தோன்றியது. நான் அதைச் சொல்லவில்லை. அவள் சொன்னதை மாற்ற எனக்கு என்ன உரிமை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வீட்டில் உட்கார்ந்து என் விண்ணப்பத்தை நிரப்பினேன். அதே கேள்வி. ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். என் இருபது வயது வாழ்க்கையில் நான் தலைமை ஏற்று நடத்தியது என்று ஒன்றும் அகப்படவில்லை. சாவி கேட்டதை எழுத ஆரம்பித்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. அழித்தேன்.

பிறகு எழுதினேன். நான் ஏரி நிரம்புவதைக் கவனித்தேன். நான் கயிற்றைக் கட்டினேன். நான் வர மறுத்த முதியவர்களிடம் பேசினேன். நான் அவர்களைக் கரை சேர்த்தேன்.

எழுதி முடித்ததும் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப் போய் ஆடை கட்டும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அனுப்பினேன். கயிறு எங்கள் கடைக் கயிறு, கோடவுன் எங்களுடையது, நான் இல்லாமல் நடந்திருக்குமா என்றெல்லாம் அன்றைக்குப் பல காரணங்கள் தோன்றின. இரண்டு காகிதமும் ஒரே மேஜைக்குப் போகும் என்பது மட்டும் தோன்றவில்லை. அல்லது தோன்றியது, நான் தள்ளிவிட்டேன். இத்தனை வருடம் கழித்து அதைப் பிரித்துச் சொல்ல என்னாலேயே முடியவில்லை.

மறுபடியும் அந்தத் தாழ்வாரம்

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார் தமிழ் தெரிந்தவர். அவருக்கு முன்னால் இரண்டு விண்ணப்பங்கள் அருகருகே இருந்தன. ஒன்றில் கன்னியம்மாவின் புகைப்படம் தெரிந்தது.

கேள்விகள் ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தன. நான் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னேன். திடீரென்று அவர் தமிழில், "கயிறு எங்கே கிடைச்சது?" என்று கேட்டார்.

"எங்க கடையில" என்றேன்.

அன்று அந்த அறையில் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் முழு உண்மை.

அவர் கன்னியம்மாவின் விண்ணப்பத்தைப் புரட்டினார். "உங்க ஃபிரண்டுகிட்ட, முன்னால நின்னு நடத்தினது யாருன்னு கேட்டோம். நீங்க இல்லன்னா நடந்திருக்காதுன்னு சொன்னாங்க" என்றார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். அது அப்படியில்லை மேடம் என்று ஒரு வாக்கியம். எனக்கு ஆங்கிலத்திலும் வந்திருக்கும், தமிழிலும் வந்திருக்கும். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

பஸ்ஸில் திரும்பினோம். பாலாற்றுப் பாலத்தில் கன்னியம்மா ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். ஆற்றில் மணல்தான் இருந்தது. வெய்யில் காற்று முகத்தில் அடித்தது. "பசிக்குது" என்றாள். பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தேன். பிரித்து எனக்கும் இரண்டு கொடுத்தாள்.

எனக்குக் கிடைத்தது. அவளுக்கு, இம்முறை வாய்ப்பளிக்க இயலவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. அதைப் படித்து அர்த்தம் சொன்னவளும் நானேதான். "செரி" என்றாள். நான் வடக்கே ரயில் ஏறிய அன்று போனில், நல்லா படி என்று அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது.

சனிக்கிழமை வகுப்பு

முதல் சனிக்கிழமை எங்களை வட்டமாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன்னை இங்கே கொண்டுவந்த கதையைச் சொல்ல வேண்டும். மழையைச் சொன்னேன். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. விருந்தாளிகள் வந்தால் சொல்லச் சொல்வார்கள். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ சொல்லும்போது, உள்ளங்கையில் கயிறு உரசிய எரிச்சல் எனக்கே தெரிந்தது. பொய் சொல்வதைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பல்கலைக்கழகத்தின் கையேட்டில் என் படம் வந்தது. கீழே இரண்டு வரியில் ஏரி.

படிப்பு நல்ல படிப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கூட்டத்தில் எழுந்து பேச, எதிர்க் கருத்தைக் கோபப்படாமல் கேட்க, பணத்துக்குத் திட்டம் எழுத எல்லாம் அங்கேதான் கற்றேன். இன்றைக்குச் சென்னையில் நான் செய்யும் வேலையும் அதுதான். கல்லூரிப் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் வகுப்பில் வட்டமாக உட்கார வைக்கிறேன்.

கன்னியம்மா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. லீவு இல்லை என்று சொன்னேன். லீவு இருந்தது.

அத்தா பேசியது

இரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். வெளியூர் போய்ப் படித்த பெண் என்று. பேசியவர்கள் எல்லாரும் மழையைத்தான் பேசினார்கள். கையேட்டில் படித்திருந்தார்கள். கடைசியில், சமையல் பக்கம் நின்றிருந்த அத்தாவை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள்.

அத்தா மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர். மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார். "என் பொண்ணு அன்னிக்குக் கோடவுன் சாவி கேட்டுச்சி. நான் மொதல்ல தர்ல. சரக்கு இருந்திச்சி, அதான் யோசன பண்ணேன். அது ஆவணும்னு நின்னுச்சி. அந்தக் கன்னியம்மா பொண்ணு எல்லாரையும் தண்ணியில இட்டுக்கினு வந்துச்சி பாருங்க, அதுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்ல. அவ்ளோதான். எல்லாரும் சாப்புட்டுப் போங்க."

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. என் அப்பா அந்தக் கையேட்டைப் படித்ததே இல்லை. அவருக்கு அன்று நடந்தது மட்டும்தான் தெரியும். சாவி கேட்டதற்காக என்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார், இத்தனை வருடமும்.

பிரியாணியை என்னால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வெளிப்படையாகத் தெரிவித்ததற்கு நன்றி, கையேட்டிலிருந்து நீக்கிவிடுகிறோம், அந்த ஆண்டுக்கான தேர்வு முடிந்துபோன ஒன்று. மரியாதையான மூன்று வரிகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்குப் போனேன். ஏரிக்கரையில் இப்போது குடிசைகள் இல்லை. தொகுப்பு வீடுகள். கன்னியம்மா வாசலில் கம்பெனிச் சட்டையைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். மூன்று வயதுப் பெண் குழந்தை உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வா நஸீ" என்றாள். நேற்றுப் பார்த்தவளைக் கூப்பிடுவது போல.

நின்றபடியே சொன்னேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. அந்தம்மா ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சிக்கினு இருந்தாங்க. உன்னுத படிச்சிக் காட்டினாங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

கிளிப்பை மாட்டிக்கொண்டே யோசித்தாள். "உனக்காவது கெடைக்கட்டும்னு நெனச்சேன்னு சொன்னா பொய். எனக்கு அப்ப இன்னா பேசறதுன்னே தெரில. நீ அப்புடி எழுதுவேன்னு எனக்குத் தெரியாதில்ல. வாயில வந்தத சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் பையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தேன். அந்த வருடத்துக்கான அறிவிப்பு. வயது வரம்பில் அவளுக்கு இன்னும் இடம் இருந்தது. விசாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன். கையை வாளித் தண்ணீரில் அலம்பித் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வருசம் அங்கயே தங்கணும்."

"ஆமா."

"புள்ளைய இன்னா பண்றது?"

அவள் காகிதத்தை மடக்காமல் என் பைமேல் வைத்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"நீ எழுதினதுகூடப் போவட்டும்" என்றாள். "எழுதப்போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மழைய உனக்கே வுட்டிருப்பேன். தேதி முடியறதுக்குள்ள என்னுத மாத்தி வேற எழுதியிருப்பேன்."

"வேறன்னா?"

"மழ ஒரு நாளு. அது கெடக்குது. நம்ம ஒம்போதாவது, பத்தாவது படிக்கச்சொல்ல, இங்கேருந்து எந்தச் சின்னப் புள்ளையும் ஸ்கூலுக்குப் போவாது. கல்லு லாரி ஓட்ற ரோடு. ஒரு புள்ள அடிபட்டுச்சி, அதோட எல்லாரும் நிறுத்திட்டாங்க. நான் வூடு வூடா போயி கேட்டேன். என்கூட அனுப்பு, நான் இட்டுக்கினு போறேன்னு. ஏழு புள்ளைங்க. டெய்லி கைய கோத்துக்கினு லாரி நிக்கறவரைக்கும் ரோட்டு ஓரத்துல நிப்போம். அதுங்கள ஸ்கூல்ல வுட்டுட்டுத்தான் நான் நம்ம ஸ்கூலுக்கு வருவேன். ரெண்டு வருசம்."

கன்னியம்மா தினமும் தாமதமாக வருவாள். முதல் பாடம் முடியும்வரை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள். அவள் சுவரில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பதை இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரியில் அத்தனை பேசினோம். ஒரு நாளும் கேட்டதில்லை.

"டீச்சர்கிட்ட சொல்லலியா?"

"கேக்கலியே."

அந்த ஏழு பேரைப் பற்றிச் சொன்னாள். ஆறு பேர் பத்தாவது முடித்தார்கள். அதில் ஒருத்தி காஞ்சிபுரத்தில் நர்சிங் படித்துவிட்டு அங்கேயே வேலையில் இருக்கிறாள். ஒருவன் பாதியில் நின்றுவிட்டான். அவன் பேச்சு வரும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது. சாயங்காலம்வரை சொன்னாள்.

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ இந்த வேலையிலதானே கீற. உனக்குத் தெரியும். இத எழுதியிருந்தா எனக்குக் குடுத்திருப்பாங்களா?"

எனக்குத் தெரியும். அந்தப் பயிற்சியை முடித்தவள் நான். இரண்டு முறை தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து மற்றவர்களின் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். எதைப் படித்தால் மேஜையைச் சுற்றி எல்லாரும் பேனாவைக் கீழே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 'சொல்ல முடியாது, எத்தனையோ பேர் எழுதுகிறார்கள்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"குடுத்திருப்பாங்க" என்றேன்.

கன்னியம்மா மெதுவாகத் தலையை ஆட்டினாள். உள்ளே குழந்தை எழுந்து அழுதது. அவள் எழுந்து போனாள். கதவைச் சாத்தவில்லை. என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை.